குழாய் நிரம்பினால் வேலை நிற்கும்



கல்வி உதவிப் பட்டியலில் ஒரே குடும்பத்தின் பெயர் இரண்டு முறை வந்தால், இன்னொரு பிள்ளையின் பங்கு போய்விடும். அதைக் கண்டுபிடிக்கும் வேலையைத் திருவாமாத்தூர் கணினி வகுப்பு மாணவர்களிடம் கொடுத்தோம். பைத்தானில் எழுதினார்கள். பெயர்களை வரிசைப்படுத்த லினக்ஸின் 'சார்ட்' நிரலை அதிலிருந்து அழைத்தார்கள். 50 பெயர்களுக்கு நன்றாக ஓடியது. முழுப் பட்டியலைக் கொடுத்ததும் நின்றுவிட்டது. பிழைச் செய்தியும் இல்லை.

காரணம் இதுதான். ஒரு நிரல் தரும் விடை இன்னொரு நிரலுக்கு 'பைப்' என்னும் குழாய் வழியே வருகிறது. 1973-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் யூனிக்ஸில் சேர்த்த வசதி அது. யோசனை டக்ளஸ் மெக்கில்ராயுடையது. லினக்ஸில் அந்தக் குழாய் வழக்கமாக 65,536 பைட் கொள்ளும். யுனிகோடு தமிழில் ஒரு குறிக்கு 3 பைட். வரிக்கு 100 குறி என்றால், சுமார் 218 வரிகளில் குழாய் நிரம்பிவிடும்.

நம் நிரல் 'வெயிட்' கட்டளையில், "நீ முடி, பிறகு வாங்கிக்கொள்கிறேன்" என்று காத்திருந்தது. 'சார்ட்' நிரலோ, "குழாயில் இடம் விடு, பிறகு முடிக்கிறேன்" என்று காத்திருந்தது. இரண்டும் நகரவில்லை.

'வெயிட்' இருந்த இடத்தில் 'கம்யூனிகேட்' என்று மாற்றச் சொன்னோம். அது விடையை வர வர வாங்கிக்கொண்டே, முடியும்வரை காத்திருக்கும். பட்டியல் முழுதும் வந்தது.

பிள்ளைகளே, சிறிய பட்டியலில் ஓடியதை வைத்து நம்பிவிடாதீர்கள். பிறர் உரிமை அடங்கிய வேலை அமானிதம். முழு அளவில் ஓட்டிப் பார்த்த பிறகே ஒப்படையுங்கள்.