உங்கள் துவிச்சக்கரவண்டிக்குப் பொருத்தமான இருக்கை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தங்கியிருந்தபோது தெருமுனையிலேயே பஸ் கிடைத்தது. ஊர் திரும்பியதும் பாடசாலை, சந்தை, வைத்தியசாலை எல்லாவற்றுக்கும் துவிச்சக்கரவண்டியே துணையாகலாம். 1990களில் எரிபொருள் தடை நிலவிய யாழ்ப்பாணத்தில் ஆட்களையும் விறகையும் நோயாளரையும் சுமந்தது அதுதான். ஆனால் இருக்கை பொருந்தாவிட்டால் வலியும் விறைப்பும் வரும். வண்டி வீட்டுச் சுவரில் சாய்ந்தே கிடக்கும்.

நீங்கள் எப்படி இருந்து ஓடுகிறீர்கள்?

நிமிர்ந்து இருந்து: ஹாண்டில் இருக்கையிலும் உயரமாக இருக்கும். உடற்பாரத்தின் பெரும்பகுதி இருக்கையிலேயே இறங்கும். ஆகவே அகலமான, அடியில் ஸ்பிரிங் உள்ள இருக்கை நல்லது.

முன்னே குனிந்து: பாரத்தில் ஒரு பகுதியைக் கைகள் தாங்கும். ஒடுக்கமான, சற்று உறுதியான இருக்கை போதும். அகலமானது தொடையில் உரசும்.

அகலத்தை அறிதல்

பலகையில் அமர்ந்து, உள்ளங்கைகளைப் பிட்டத்தின் கீழ் வையுங்கள். இரண்டு கடினமான எலும்புகள் தட்டுப்படும். இவை இருக்கையின் அகன்ற பகுதியில் தங்கவேண்டும். பெண்களுக்கு இவற்றின் இடைவெளி பொதுவாகக் கூடுதல். மிக மென்மையான இருக்கையில் எலும்புகள் புதைந்து, நடுவிலுள்ள மென்மையான பகுதி அழுத்தப்படும். கடையில் சுகமாகத் தோன்றுவது நெடுந்தூரம் ஓடும்போது வலிக்கலாம்.

வாங்குமுன் சரிசெய்து பாருங்கள்

1. உயரம்: பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிக்காலை வையுங்கள். கால் நேராக நீளவேண்டும். முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் சற்று மடங்கும். புதிதாகப் பழகும் பிள்ளைக்குப் பாதங்கள் நிலத்தில் படுமளவுக்கு இறக்கி வையுங்கள்.

2. சரிவு: இருக்கை மட்டமாக இருக்கட்டும். தொடையிடுக்கு விறைத்தால் முனையைச் சிறிதளவு தாழ்த்துங்கள். அதிகம் தாழ்த்தினால் முன்னே வழுக்கிக் கைகள் நோகும்.

3. பாதுகாப்பு: இருக்கைக் கம்பியில் எல்லைக்கோடு இருந்தால் அது வெளியே தெரியக்கூடாது. நட்டுகளை இறுக்குங்கள், சில நாட்கள் ஓடியபின் மீண்டும் பாருங்கள்.

தாயும் மகனும் ஒரே வண்டியை ஓடினால், ஒவ்வொருவருக்கும் உரிய உயரத்தைக் கம்பியில் பெயின்ரால் குறித்து வையுங்கள்.

இவ்வளவும் செய்தபின்னரும் வலி நீடித்தால் மட்டும் புதிய இருக்கைக்குப் பணம் செலவிடுங்கள். கடைக்கு வண்டியையும் கொண்டுசென்று, பூட்டி, ஓடிப் பார்த்தே வாங்குங்கள்.