மரத்தைப் பார்த்துவிட்டுக் கேமராவைப் பாருங்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியோடு மான் வேட்டையாடும் பருவம் ஒன்பதே நாள். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் வியாழனுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி, அடுத்த வார ஞாயிறோடு முடிந்துவிடும். வில்லும் அம்பும் எடுப்பவர்களுக்குச் செப்டம்பர் நடுவிலேயே காடு திறந்துவிடுகிறது. எனக்கோ வேட்டைக்கான வேலை ஜூலையிலேயே ஆரம்பம். மாநிலத்தின் தென்மேற்கில் ஓக் மரக் குன்றுகளும் குறுகிய பள்ளத்தாக்குகளும் நிறைந்த பகுதியில், ஒரு முதிய விவசாயியின் நிலத்தில், அவர் அனுமதியோடு பல ஆண்டுகளாக வெள்ளைவால் மான் வேட்டையாடி வருகிறேன். புதிதாக இதில் இறங்கும் நண்பர்கள், மரத்தில் கட்டிவைத்தால் விலங்கின் அசைவை உணர்ந்து தானே படமெடுக்கும் கருவியைப் பற்றி, "எந்த ட்ரெயில் கேமரா வாங்கலாம்?" என்று கேட்பார்கள். "எந்த மரத்தில் கட்டப் போகிறீர்கள்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

ஏனென்றால், எல்லா இடத்துக்கும் பொருந்துகிற கேமரா என்று ஒன்று கிடையாது. குதிரைமசாலோ சோயாவோ விளையும் வயல் ஓரத்தில் கட்டுவதென்றால் மான் எண்பது, நூறு அடி தள்ளி நின்று மேயும். அங்கே தொலைவை உணரும் திறனும், அவ்வளவு தூரம் எட்டும் இரவு வெளிச்சமும் வேண்டும். படமெடுக்கும் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, மேயும் மான் அங்கேயேதான் நிற்கப்போகிறது. காட்டுக்குள் இரண்டு சரிவுகளுக்கு நடுவே போகும் ஒற்றையடித் தடத்தில் கதை வேறு. மெதுவாக நடக்கும் மான்கூட ஒரு நொடியில் மூன்று நான்கு அடி நகர்ந்துவிடும். அசைவை உணர்ந்து ஒரு நொடி கழித்துப் படமெடுக்கும் கேமராவில் வால் மட்டுமே பதிவாகும். இங்கே அரை நொடிக்குள் படமெடுக்கும் வேகம் கட்டாயம்.

பெட்டிமேல் பெரிதாக அச்சிடாத இன்னொரு எண்ணும் உண்டு. ஒரு படம் எடுத்தபின் அடுத்த படத்துக்குத் தயாராக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது. நவம்பர் முதல் பாதியில், இணைசேரும் காலத்தில், பெண் மான் முன்னே ஓடும், சில நொடிகள் கழித்து ஆண் மான் அதே தடத்தில் வரும். தயாராக அரை நிமிடம் எடுக்கும் கேமரா பெண் மானைக் காட்டிவிட்டு, நீங்கள் தேடும் ஆணைத் தவறவிடும். கடையில் நான் முதலில் விசாரிப்பது இதைத்தான்.

மெகாபிக்சலைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். பெரும்பாலான கேமராக்களில் படத்தைப் பதியும் உணரிக்கு உண்மையில் இருப்பது சில மெகாபிக்சல்கள்தான். முப்பது, நாற்பது என்று போட்டிருப்பது மென்பொருள் இட்டு நிரப்பிய கணக்கு. கோப்பின் அளவு பெருகும், விவரம் அதிகரிக்காது. வயிறு தொங்குகிறதா, கழுத்து மார்போடு சேர்ந்து தடித்திருக்கிறதா, முதுகு நேராக இருக்கிறதா என்று பார்த்து ஆண் மானின் வயதை மதிப்பிட முடிந்தால் அந்தப் படம் போதும்.

அசைவைக் கண்டுபிடிக்கும் உணரி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல்கள் வராமலே போகும். அது மானைப் பார்ப்பதில்லை. சுற்றுப்புறத்துக்கும் உடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு தன் முன்னே நகர்வதை உணர்கிறது. குறுக்கே கடப்பதை எளிதில் உணரும், நேராகத் தன்னை நோக்கி வருவதை அவ்வளவு சீக்கிரம் உணராது. கொளுத்தும் ஆகஸ்ட் மதியத்தில் காற்றின் வெப்பமும் மானின் உடல் மேற்பரப்பின் வெப்பமும் நெருங்கிவிடுவதால், குளிரில் நன்றாக எட்டிய தூரம் அப்போது சுருங்கும். வெயில் பட்டுச் சூடான புல் காற்றில் ஆடினாலும் அதற்கு அது விலங்குதான். அதனால் முன்னால் உள்ள புல்லையும் சிறு கிளைகளையும் ஒதுக்கிவிடுங்கள். முகத்தை வடக்கு நோக்கி வையுங்கள். இந்த அட்சரேகையில் சூரியன் தெற்கு வானில் போவதால் லென்ஸில் நேர்வெயில் பெரும்பாலும் விழாது. தடத்துக்குச் செங்குத்தாகக் கட்டாமல் ஏறத்தாழ நாற்பத்தைந்து பாகை சாய்த்துக் கட்டினால், மான் சட்டத்துக்குள் இருக்கும் நேரமும் கூடும், உணரிக்கு விழித்துக்கொள்ள அவகாசமும் கிடைக்கும். உயரம் மானின் மார்பளவு, ஏறக்குறைய மூன்றடி. கட்டி முடித்ததும் சோதனை முறையில் போட்டு, மான் நடக்கும் தடத்தில் நீங்களே குனிந்து நடந்து பாருங்கள். விளக்கு எங்கே மின்னுகிறது என்று பார்த்துச் சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆகும். அதைச் செய்யாமல் திரும்பாதீர்கள்.

இரவு வெளிச்சத்தில் இரண்டு வகைகள் பரவலாக உள்ளன. 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு தூரம் எட்டும், படமும் தெளிவு. ஆனால் எரியும்போது மங்கலான சிவப்பு கண்ணுக்குத் தெரியும். 940 நானோமீட்டர் விளக்கை மனிதக் கண்ணால் காண முடியாது, ஆனால் தூரம் குறைவு, படத்தில் புள்ளிப்புள்ளியாக இருக்கும். வயலோரத்துக்கு முதலாவதை வைக்கிறேன். ஆண் மான்கள் மண்ணைக் குளம்பால் சுரண்டித் தங்கள் வாடையை விட்டுச்செல்லும் இடங்களுக்கு இரண்டாவது. அங்கே மான் நின்று நிதானமாக மோப்பம் பிடிக்கும், சுற்றுமுற்றும் பார்க்கும். பொதுநிலத்தில் கட்டும்போதும் இதுவே நல்லது, திருடர் கண்ணுக்குச் சிக்காது. இரவில் மானைப் படமெடுப்பது எங்கள் பக்கத்து மாநிலமான மிச்சிகனில் பழைய கலை. அங்கே ஜார்ஜ் ஷைராஸ் காட்டில் கயிறு கட்டி, விலங்கு இடறினால் தானே வெளிச்சம் பாய்ந்து படமெடுக்கும்படி செய்தார். 1906 ஜூலை நேஷனல் ஜியாகிராபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு மாறிய வேட்டைக்காரர் அவர்.

பேட்டரியில் சிக்கனம் வேண்டாம். ஆல்கலைன் பேட்டரியின் மின்னழுத்தம் குளிரில் சரியும், முதலில் அடிவாங்குவது இரவு வெளிச்சம். லித்தியம் ஏஏ பேட்டரிகள் கடுங்குளிரிலும் தளராது. கடைசிவரை மின்னழுத்தம் குறையாமல் நின்று திடீரென முடிந்துவிடும் என்பதால், திரையில் தெரியும் பேட்டரி அளவை மட்டும் நம்பாமல் பருவம் தொடங்குமுன் புதிதாகப் போட்டுவிடுங்கள். மெமரி கார்டைக் கணினியில் அழிப்பதைவிட அந்தக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். கடிகாரத்தையும் கவனியுங்கள். நவம்பர் முதல் ஞாயிறு இங்கே எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறோம். மரத்தில் தொங்கும் கேமரா பெரும்பாலும் அதை அறியாது. இணைசேரும் காலத்தின் நடுவில் ஒரு மணி நேரப் பிழை என்றால், மான் வெளிச்சத்தில் வருகிறதா இருட்டில் வருகிறதா என்ற முக்கியமான கேள்விக்கே தவறான பதில் கிடைக்கும்.

சிம் போட்ட கேமராக்களைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. மாதச் சந்தா கட்டினால் படம் கைபேசிக்கே வந்துவிடும். கார்டை எடுக்க அடிக்கடி காட்டுக்குள் போய் நம் வாடையைப் பரப்பவேண்டியதில்லை. கோடையில் அது பெரிய நன்மை. ஆனால் பருவம் திறந்தபின், மான் இந்த நிமிடம் எங்கே நிற்கிறது என்று கைபேசி சொல்லி, அதைக் கேட்டு எழுந்து போய்ச் சுடுவதை நான் வேட்டையாகக் கருதவில்லை. மானுக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு வேண்டும். தியடோர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அண்டு க்ராக்கெட் சங்கமும், உடனுக்குடன் படம் அனுப்பும் கருவியின் துணையோடு வீழ்த்திய விலங்கைத் தன் சாதனைப் பதிவேட்டில் ஏற்பதில்லை. அரிசோனா இன்னும் ஒரு படி மேலே போய், வேட்டைக்கு உதவும் வகையில் ட்ரெயில் கேமரா வைப்பதையே 2022 ஜனவரி முதல் தடைசெய்துவிட்டது. நெவாடாவிலும் யூட்டாவிலும் மாதக் கணக்கில் கட்டுப்பாடுகள் உண்டு. அதனால் கேமரா வாங்குமுன் உங்கள் மாநில விதிப்புத்தகத்தைப் படியுங்கள். கேமரா முன்னே மக்காச்சோளத்தைக் கொட்டி மானை வரவழைக்கும் பழக்கமும் வேண்டாம். விஸ்கான்சினில் 2002இல் கண்டறியப்பட்ட நாட்பட்ட உடல்நலிவு நோய், மான்கள் ஒரே இடத்தில் வாய்வைத்துத் தின்னும்போது எளிதில் பரவும். அந்நோய் காரணமாகவே இங்கே பல மாவட்டங்களில் இரை வைக்கத் தடை இருக்கிறது.

படங்கள் கைக்கு வந்தபின் அவசரப்படாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் ஆண் மான்கள் கூட்டமாக, மென்தோல் போர்த்திய கொம்புகளோடு சோயா வயலுக்கு வரும். பார்க்கவே அழகு. செப்டம்பரில் அந்தத் தோல் உரிந்து, கூட்டம் கலைந்து, ஆளுக்கொரு திசையாகப் போய்விடும். சோயா பழுக்கத் தொடங்கி ஓக் கொட்டைகள் விழ ஆரம்பித்தால் வயலே காலி. ஆகஸ்ட் படத்தை நம்பி நவம்பரில் அதே வயலோரத்தில் உட்காருபவர்கள் வெறுங்கையோடு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். செப்டம்பர் கடைசியில் கேமராவை வயலிலிருந்து அவிழ்த்து ஓக் சரிவுக்கு மாற்றுங்கள். போவது நண்பகலில், ரப்பர் பூட்ஸோடு, முடிந்தால் மழைக்கு முன்னால். மழை நம் வாடையைக் கழுவிவிடும்.

பருவம் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிடாதீர்கள். ஜனவரியில் ஒரு கேமராவாவது தொங்கட்டும். எந்த ஆண் மான்கள் பிழைத்திருக்கின்றன என்று கொம்பு உதிர்வதற்குள் தெரிந்துவிடும், அடுத்த ஆண்டு எந்தச் சரிவில் தேடலாம் என்பதும் அதிலிருந்தே பிடிபடும். வசந்தத்தில் கேமராவை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பேட்டரிகளைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் முனைகள் அரித்துப்போகும். காட்டிலேயே விடுவதென்றால் பட்டையைத் தளர்த்திக் கட்டுங்கள். கோடையில் மரம் பருக்கும்.