கோட்டியில் பிடித்த கோட்டி

திருநெல்வேலிப் பக்கம் கோட்டி என்றால் பைத்தியம். ஹைதராபாத்தில் அது கடைத்தெரு. அங்கே குஜராத்தி கல்லியில் வயரும் ஸ்விட்சும் வாங்க மூன்று சனிக்கிழமை விடாமல் போனேன். என் மனைவி அந்தச் சொல்லை இரண்டு அர்த்தத்திலும் புழங்க ஆரம்பித்துவிட்டாள்.

காரணம் முஸ்தபா. கேப்காம் 1993-ல் வெளியிட்ட 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' ஆட்டத்துக்கு நம் வீடியோ கேம் கடைகளில் வழங்கிய பெயர் அதுதான். அதைக் கீபோர்டில் ஆடுவது இட்லியை ஸ்பூனால் சாப்பிடுகிற மாதிரி. அதனால் ஜாய்ஸ்டிக்கும் பொத்தான்களும் வைத்து, தோள்பையில் அடங்குகிற பெட்டி ஒன்றை நானே செய்தேன்.

மின் இணைப்பை நினைத்துத்தான் பயந்தேன். அது ஒரே ராத்திரியில் முடிந்தது. ராஸ்பெர்ரி பை பிக்கோ பலகையிலுள்ள சின்னப் பொத்தானை அழுத்தியபடி கம்ப்யூட்டரில் செருகினால் பென்டிரைவ் போலத் தெரியும். ஜிபி2040-சிஇ என்ற இலவச மென்பொருளை அதற்குள் போட்டால் கேம்பேடு தயார். ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு கால். ஒன்று பலகையில் தனி முனைக்கு, மற்றது எல்லாருக்கும் பொதுவான கிரவுண்டுக்கு. பொத்தான் பக்கம் சால்டரிங்கூட வேண்டாம், வயர் நுனியில் மாட்டும் லக்கைச் செருகினால் போதும். ஆனால் லக்கில் 2.8, 4.8 மி.மீ. என்று அளவு உண்டு. நான் பெரியதை வாங்கி வந்தேன். லொடலொடவென்று ஆடியது. மறுபடி கோட்டி.

பாடாய்ப்படுத்தியது பெட்டிதான். 12 மி.மீ. பிளைவுட்டில் 30 மி.மீ. துளைகளை ஆசாரியிடம் போட்டு வாங்கிய பிறகுதான் புரிந்தது, என்னிடம் இருந்த பொத்தான்கள் அழுத்தினால் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும் ரகம். பலகை இரண்டு மூன்று மி.மீ. கனம் இருந்தால்தான் அதன் பல் பிடிக்கும். கனமான மரத்துக்கு மரையும் நட்டும் உள்ள பொத்தான் வேண்டும். "முதலிலேயே ஒரு பொத்தானைக் கொண்டுவந்து காட்டியிருக்கலாமே, பாயி" என்றார் ஆசாரி. சரி, மேல்தட்டை 3 மி.மீ. அக்ரிலிக்கில் செய்யலாமென்று வீட்டு டிரில்லை வைத்தேன். நாலாவது துளையில் விரிசல். லேசர் வெட்டுதான் வழி. அதற்குப் பெரிய இடம் தேடி அலைய வேண்டாம், பெயர்ப்பலகை செய்கிறவர்களிடமே மெஷின் இருக்கிறது. முதலில் அட்டையில் வெட்டி, கையை வைத்து ஆடிப்பார்த்துவிட்டு அளவு கொடுங்கள். எட்டுப் பொத்தான் வைத்தேன் நான். முஸ்தபாவுக்கு அடிக்க ஒன்று, குதிக்க ஒன்று போதும்.

தூக்கிப்போக எளிது என்று எடையைக் குறைத்ததும் தப்பு. வேகமாக இழுத்தால் ஜாய்ஸ்டிக்கோடு பெட்டியும் மடியைவிட்டு எழும்பி வந்தது. பழைய யோகா பாயை வெட்டி அடியில் ஒட்டி, உள்ளே ஒரு மரத்துண்டைத் திருகினேன், இப்போது அசைவதில்லை. கேபிளைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வையுங்கள், பைக்குள் முதலில் உடைவது அதுதான்.

அடித்தட்டு கண்ணாடி போன்ற அக்ரிலிக்காக இருப்பது அழகுக்காக அல்ல. வயர் அடைத்த மரப்பெட்டியோடு மெட்ரோ ஸ்டேஷன் சோதனையில் ஒரு தடவை நின்று பார்த்தால் காரணம் தெரியும்.