பதினெட்டாம் நாள் வாதமும் உள்ளத் துணிவும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அவையேறுமுன் அஞ்சாதார் அரியர். நமது குன்றாண்டார்கோவில் வட்டாரத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்காகப் புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் புறப்படும் பிள்ளைகள், ஸந்நிதிக்கு வந்து அர்ச்சனை செய்துகொள்வதுண்டு. படித்ததெல்லாம் மறந்துவிட்டாற்போல் இருக்கிறதே என்று கலங்குவோரும் உளர். அவர்கள் பொருட்டு எம்பெருமானார் வைபவத்திலிருந்து ஒன்றை ஈண்டு விண்ணப்பிக்கிறேன்.

வடநாட்டில் பல வித்வான்களை வென்ற யஜ்ஞமூர்த்தி என்னும் ஏகதண்டி ஸந்யாஸி, வண்டி நிறையச் சுவடிகளுடன் திருவரங்கம் வந்து எம்பெருமானாரை வாதுக்கு அழைத்தார் என்பது குருபரம்பரை கூறும் செய்தி. தாம் தோற்றால் எம்பெருமானாருடைய பாதுகைகளைச் சுமந்து, அவர் திருநாமத்தையும் தரிப்பதாகப் பந்தயம் உரைத்தார். எம்பெருமானாரோ, தாம் தோற்றால் இனி நூல்களைத் தீண்டுவதில்லை என்று கிரந்த ஸந்யாஸம் கூறினார். போதிப்பதையே வாழ்வாகக் கொண்ட ஆசார்யருக்கு இதனினும் பெரிய பணயம் யாது?

வாதம் பதினேழு நாள் நிகழ்ந்தது. பதினேழாம் நாள் மாலை யஜ்ஞமூர்த்தியின் கையே ஓங்கியிருந்தது. மனம் வாடி மடத்துக்கு மீண்ட எம்பெருமானார், தம் திருவாராதனப் பெருமாளாகிய பேரருளாளர் திருமுன்பே முறையிட்டார். அன்றிரவு கனவில் பெருமாள் தோன்றி, ஆளவந்தார் மாயாவாதத்தை மறுத்து அருளிய யுக்திகளைக் கொண்டு வாதிடுமாறு நியமித்தருளினார்.

இவ்விடத்தைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். பெருமாள் புதிய சாஸ்திரம் எதனையும் உபதேசிக்கவில்லை. பரம்பரையாகக் கைக்கு வந்திருந்த பொருளையே நினைப்பூட்டினார். கடற்கரையில் ஜாம்பவான் அநுமனுக்குச் செய்ததும் அதுவே. வலிமையைக் கொடுக்கவில்லை, மறந்திருந்த வலிமையை எடுத்துரைத்தார்.

மறுநாட்காலை எம்பெருமானார் மதயானை போல் நடந்து வந்தார். நேற்று வாடிச் சென்றவருடைய நடையில் இத்தகைய மாறுதலைக் கண்ட யஜ்ஞமூர்த்தி, இது மானிடச் செயலன்று எனத் தெளிந்து, வாதம் தொடங்காமலே திருவடிகளில் விழுந்தார். பின்னர் அருளாளப் பெருமாள் எம்பெருமானார் என்று பெயர் பெற்று, ஞானஸாரமும் ப்ரமேயஸாரமும் அருளிச்செய்தவர் இவரே.

நம் கனவில் பெருமாள் வருவாரோ என்று சிலர் வினவலாம். வராமற்போயினும், நினைப்பூட்டத்தக்க சரக்கு நம்மிடம் இருத்தல் வேண்டுமே! இல்லாததை யார் நினைப்பூட்ட இயலும்? அர்ச்சனைச் சீட்டு மட்டும் வாங்கி நூலைத் திறவாத பிள்ளைக்கு அடியேன் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை.

சரக்கு எங்ஙனம் சேரும் என்பதற்கு வேத பாடசாலை முறையே சான்று. வாக்கியத்தை நேரே ஓதிய பின், பதம் பதமாகப் பிரித்து ஓதுவர். பின்பு க்ரமம், ஜடை, கனம். கனத்தில் ஒன்று-இரண்டு, இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு-மூன்று, மூன்று-இரண்டு-ஒன்று, மீண்டும் ஒன்று-இரண்டு-மூன்று எனப் பதங்கள் முன்னும் பின்னுமாக வரும். இங்ஙனம் பல்லாண்டு ஓதியவனுக்கு, பெரிய ஸதஸ்ஸில் மனம் நடுங்கினாலும் நா நடுங்காது. அடுத்த பதம் தானே வந்து நிற்கும். அச்சம் இல்லாமையன்று, அச்சத்திலும் நில்லாது ஓடும் பழக்கமே அவனுக்குத் துணை.

ஆதலின் தேர்வுக்கு முந்திய இரவில் புதிய புத்தகத்தைத் திறவற்க. ஆசிரியர் திருத்திக் கொடுத்த பழைய குறிப்பேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்து, பெருமாளைச் சேவித்து, வேளையோடு உறங்குக. கனவு காண்பதற்கும் உறங்க வேண்டுமன்றோ! காலையில் பேருந்துக்கு ஓடாமல், நிதானமாக நடந்து செல்லும்படி முன்னதாகவே புறப்படுக.