ஜென்டூ சர்வர் உங்கள் கைக்கு வந்தால்

புது வேலையில் சேர்ந்த கையோடு, "இந்த மெஷினைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று ஒரு சர்வரை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். உள்ளே நுழைந்து பார்த்தால் உபுண்டுவும் இல்லை, ரெட்ஹேட்டும் இல்லை, ஜென்டூ. ஆப்ட் என்று அடித்தால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. அமைத்தவர் எப்போதோ வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். குறிப்பு எதுவும் எழுதி வைக்கவில்லை. பதற வேண்டாம். ஜென்டூவில் பாதிக் குறிப்பு மெஷினுக்குள்ளேயே இருக்கும். தேட வேண்டிய இடம் தெரிந்தால் போதும்.

டேனியல் ராபின்ஸ் தொடங்கிய ஜென்டூவின் 1.0 பதிப்பு 2002-இல் வந்தது. பெரும்பாலான லினக்ஸ்கள் கம்பைல் செய்து தயாராக வைத்த பேக்கேஜை இறக்கித் தரும். இது மூல நிரலை இறக்கி உங்கள் மெஷினிலேயே கம்பைல் செய்யும். அந்த வேலையைப் பார்ப்பது போர்ட்டேஜ். நாம் அடிக்கும் கட்டளை எமர்ஜ். ஒரு பேக்கேஜில் எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்பதை யூஸ் ஃபிளாக் தீர்மானிக்கும். "இதைப் படித்து என்ன பயன்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: குரோம் ஓஎஸ், ஃபிளாட்கார் கண்டெய்னர் லினக்ஸ் இரண்டையும் உருவாக்கப் பயன்படுவது இதே போர்ட்டேஜ்தான்.

முதல் நாள் திறந்து பார்க்க வேண்டிய கோப்பு வேர்ல்டு. /வார்/லிப்/போர்ட்டேஜ் அடைவில் இருக்கும் சாதாரண எழுத்துக் கோப்பு. வரிக்கு ஒரு பேக்கேஜ் பெயர். மெஷினில் எண்ணூறு பேக்கேஜ் இருந்தாலும் இதில் அறுபது எழுபது பெயர்தான் இருக்கலாம். கல்யாணத்துக்கு நாம் பத்திரிகை வைத்தவர்களின் பட்டியல் போல இது. அவர்கள் கூட்டிவந்தவர்கள் பெயர் இதில் வராது. யாராவது விரும்பிக் கேட்டு நிறுவியவை மட்டும் இங்கே இருக்கும். அவற்றுக்குத் துணையாக வந்த டிபென்டன்சிகளைப் போர்ட்டேஜ் தனியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு வரியையும் படித்து, "இது ஏன் இங்கே?" என்று கேளுங்கள். பழைய மெஷின்களில் இந்தக் கோப்பு பெரும்பாலும் குப்பையாகத்தான் இருக்கும். ஒரு லைப்ரரியில் ஏதோ கோளாறு, அதை மட்டும் மறுபடி கம்பைல் செய்வோம் என்று யாரோ வெறும் எமர்ஜ் அடித்திருப்பார். அந்த லைப்ரரி வேர்ல்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதைப் பயன்படுத்திய புரோகிராம் போன பிறகும் அது போகாது. பின்னாளில் அப்டேட்டுக்குக் குறுக்கே நிற்பதும் அதுதான். இதற்காகவே ஒன்ஷாட் என்ற தெரிவு இருக்கிறது: கம்பைல் செய்யும், பட்டியலில் சேர்க்காது. ஏற்கெனவே ஏறிவிட்டதை டீசெலக்ட் கொடுத்து இறக்கலாம். பேக்கேஜ் அங்கேயே இருக்கும். பட்டியலிலிருந்து பெயர் மட்டும் போகும்.

இனி நீக்குவது. புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். அன்மெர்ஜ் கட்டளையை வேலை இடத்தில் தொடாதீர்கள். யார் அதை நம்பியிருக்கிறார்கள் என்று பார்க்காமலே அது பிடுங்கிப் போட்டுவிடும். டெப்கிளீன் அப்படியல்ல. வேர்ல்டிலும், அடிப்படைப் பேக்கேஜ்களின் பட்டியலான சிஸ்டத்திலும் தொடங்கி, யாருக்கு யார் தேவை என்று கடைசி வரை பார்த்து, யாருக்கும் தேவைப்படாததை மட்டும் நீக்கும். அதற்கு முன் மெஷினை முழுமையாக அப்டேட் செய்திருக்க வேண்டும். முதல் முறை ப்ரிடெண்ட் சேர்த்தே ஓட்டுங்கள். எதையும் நீக்காமல் பட்டியலை மட்டும் காட்டும். கடைசியில் எத்தனை நிறுவியிருக்கிறது, எத்தனை தேவை, எத்தனை நீக்கப்படும் என்று எண்கள் வரும். நீக்கப்படுபவை நாலைந்து என்றால் சரி. எண்பது, தொண்ணூறு என்று வந்தால் கையை எடுத்துவிட்டு யோசியுங்கள்.

பட்டியல் சிறியதாக இருந்தாலும் ஓர் ஆபத்து உண்டு. உங்கள் கம்பெனியின் பிஎச்பி ஸ்கிரிப்ட் ஒன்று படங்களைச் சுருக்க இமேஜ்மேஜிக்கைக் கூப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இமேஜ்மேஜிக்கோ வேறொரு பேக்கேஜின் துணையாக வந்தது. அந்தப் பேக்கேஜ் போனதும் டெப்கிளீன் இதையும் தூக்கிவிடும். உங்கள் ஸ்கிரிப்ட் இருப்பதே போர்ட்டேஜுக்குத் தெரியாதே! அதனால் ஸ்கிரிப்டுகளும் கிரான் வேலைகளும் எதையெல்லாம் கூப்பிடுகின்றன என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். கிடைப்பதை நோரிப்ளேஸ் தெரிவோடு எமர்ஜ் செய்தால், மறுபடி கம்பைல் செய்யாமல் பெயர் வேர்ல்டில் சேரும். அப்புறமும் சந்தேகமா? நீக்கும் முன் குவிக்பிகேஜி ஓட்டுங்கள். நிறுவியிருப்பதைப் பைனரிப் பேக்கேஜாகக் கட்டி வைக்கும். தவறிப்போனால் கம்பைலுக்குக் காத்திருக்காமல் திரும்ப நிறுவலாம்.

மேலதிகாரி கேட்கும் கேள்விகளில் பாதி, "நம்ம மெஷின்ல அது இருக்கா, எந்த வெர்ஷன்?" என்பதுதான். 2024 மார்ச் 29 அன்று, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு வைக்கப்பட்டிருப்பது வெளியானபோது உலகம் முழுக்க நிர்வாகிகளைத் துரத்திய கேள்வி அது. கியூலிஸ்ட் அடித்தால் ஒரு நொடியில் பதில். டெப், ஆர்பிஎம் பேக்கேஜாகக் கட்டும்போது மட்டுமே அந்தக் கள்ள நிரல் உள்ளே சேரும்படி எழுதப்பட்டிருந்தது. இருந்தாலும் பழைய பதிப்புக்கு இறங்கும்படி ஜென்டூ அறிவுறுத்தியது. சரியான முடிவு.

கியூலிஸ்டின் பதில்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்க /வார்/டிபி/பிகேஜி அடைவுக்குள் போங்கள். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஓர் அடைவு. உள்ளே யூஸ் என்ற கோப்பில் எந்த ஃபிளாக்குகளோடு கம்பைல் ஆனது என்று இருக்கும். கன்டென்ட்ஸ் கோப்பில் அது போட்ட ஒவ்வொரு கோப்பின் பாதையும் எம்டி5 செக்சமும் இருக்கும். கியூசெக் இதை வைத்துத்தான் யாராவது பைனரியை மாற்றியிருக்கிறார்களா என்று சொல்கிறது. படிக்கலாம், கையால் திருத்தாதீர்கள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்பது அடுத்த கேள்வி. உத்தேசமாகச் சொல்லாதீர்கள். எமர்ஜ் லாக்கைப் படித்து ஜென்லாப் சொல்லும்: போன முறை ஜிசிசி எத்தனை நிமிடம், எல்எல்விஎம் எத்தனை நிமிடம் என்று. அந்த எண்ணை வைத்துப் பராமரிப்பு நேரம் கேளுங்கள். 2023 டிசம்பர் கடைசியிலிருந்து ஜென்டூவே பைனரிப் பேக்கேஜ்களைப் பெரிய அளவில் தருகிறது. உங்கள் யூஸ் ஃபிளாக்குகளோடு பொருந்தினால் அவற்றை இறக்கிக்கொள்ளலாம்.

அப்டேட்டுக்கு முன் ஈசெலக்டில் செய்தி படிப்பதைப் பழக்கமாக்குங்கள். 2024 மார்ச்சில் 23.0 ப்ரொஃபைல் வந்தபோது, மெஷின் முழுவதையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும் என்பதும், எந்த வரிசையில் என்பதும் அங்கேதான் இருந்தன. அப்டேட் முடிந்ததும் டிஸ்பேட்ச்-கான்ஃபை ஓட்டி, அமைப்புக் கோப்புகளின் மாற்றங்களைப் பற்றி அது கேட்கும் கேள்விகளுக்கு நின்று நிதானித்துப் பதில் சொல்லுங்கள். எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பைப் படிக்காமல் புதியதால் மாற்றினால், மறுநாள் சர்வருக்குள் நீங்களே நுழைய முடியாமல் போகலாம்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள்: வேர்ல்டு கோப்பையும் /இடிசி/போர்ட்டேஜ் அடைவையும் கிட்டில் போட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். உங்களுக்கு அடுத்து வருபவருக்கு அந்த வரிகள் தேவைப்படும்.