உடைந்த எலும்பெல்லாம் அடிபட்ட எலும்பா?

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் கிணறு தூர்வாரும்போது ஒரு மண்டையோடு கிடைத்தால் போதும், டீக்கடை தீர்ப்பு எழுதிவிடும்: "மண்டை பிளந்திருக்கு, அடிச்சுத்தான் கொன்னிருக்கானுங்க." போலீஸ் வந்து சேர்வதற்குள் கொலைகாரன் யார் என்பதுகூட முடிவாகியிருக்கும்.

அந்தப் 'பிளவு' பல நேரம் பிளவே அல்ல. மண்டையோட்டுத் தகடுகள் பல்பல்லாகக் கோத்துக்கொள்ளும் பொருத்துவாய் அது. எல்லோர் தலையிலும் உண்டு.

நிஜமாகவே உடைந்திருந்தால், எப்போது உடைந்தது என்பதுதான் தடயவியல் மருத்துவரின் முதல் கேள்வி. பச்சை மக்காச்சோளத் தட்டை வளைந்து, நாராகக் கிழிந்து முறியும். காய்ந்த தட்டை சடக்கென்று குறுக்கே ஒடியும். எலும்பும் அப்படித்தான். ஈரமும் கொலாஜன் என்ற நார்ப்புரதமும் இருக்கும்வரை சாய்வாக, வழவழப்பான விளிம்போடு முறியும். காய்ந்தபின் உடைந்தால் விளிம்பு சொரசொரக்கும். பழைய உடைவில் மண்ணின் பழுப்பு ஏறியிருக்கும். நேற்று ஜேசிபி உடைத்த இடம் வெளுத்துக் கிடக்கும். விளிம்பு மழுங்கி, புது எலும்பு வளர்ந்திருந்தால் அந்த ஆள் அடிபட்டபின் சில வாரமாவது உயிரோடு இருந்திருக்கிறார்.

எலும்பை உடைக்க எதிரி தேவையில்லை. பெரம்பலூர்க் கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். நடுவில் சிக்கிய எலும்பு நெரிபடும். அரியலூர் கல்லமேட்டில் கிடைத்து, 1980களில் புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்த பிரம்மாண்ட டைனோசரின் எலும்புகள் எடுத்தபின் பொடிந்தே போயின. நாய், நரி கடித்த குழியையும் எலி கொறித்த வரிகளையும் கத்திக்கீறல் என்று நினைப்பவர்கள் உண்டு.

அறிஞர்களும் தப்பவில்லை. மொகஞ்சதாரோ எலும்புக்கூடுகளைப் படுகொலைச் சாட்சி என்று 1947இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் எழுதினார். 1964இல் இன்னொரு தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் அதை மறுத்தார். பிறகு எலும்புகளையே பரிசோதித்த மானுடவியலாளர் கென்னடி, வெட்டுக்காயம் எனப்பட்ட பல தடங்கள் மண்ணில் கிடந்து அரித்ததால் வந்தவை என்றார். ஆனாலும் அந்தப் படுகொலைக் கதை நம் மேடைகளில் இன்னும் உலவுகிறது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். செத்துச் சில நாள்கள், சில வாரங்கள்வரைகூட எலும்பு பச்சையாகவே முறியும். ஆகவே 'மரண வேளையை ஒட்டிய முறிவு' என்று அறிக்கையில் இருந்தால், அடித்துக் கொன்றார்கள் என்று பொருளல்ல. தலையின் உச்சியில் காயம் என்றால் அடி, கீழே என்றால் விழுந்தது என்ற சூத்திரமும் நம்பகமானதல்ல, கிணற்றில் தலைகீழாக விழுகிறவருக்கு உச்சியில்தானே படும்? அடித்ததா, விழுந்ததா என்று பிரித்தறிய எலும்பு கிடந்த கோணம், ஆழம், சுற்றியிருந்த கல் எல்லாம் வேண்டும். மண்வெட்டியால் கிளறி, கழுவி, சாக்கில் கட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் அவை போய்விடும். எலும்பில் புதிதாக ஒரு வெட்டும் சேர்ந்திருக்கும்.