பாபினில் பொறித்த பெயர்

நம் தறிக்காரருக்குத் தார்க்குச்சி எத்தகையதோ, லேஸ் பின்னுவோருக்குப் பாபின் அத்தகையது. திண்டின்மீது துளையிட்ட தோல் மாதிரியைப் பொருத்தி, துளைதோறும் குண்டூசி குத்தி, பாபின்களில் சுற்றிய நூல்களை இணை இணையாக மாற்றியும் முறுக்கியும் பின்னுவதே இத்தொழில். நாகர்கோவில் பக்கத்து அங்கத்தினருக்கு இது புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே லண்டன் மிஷனார் அங்கே இதனைக் கற்பித்தனர். எனினும் பாபினில் சித்திர வேலை செழித்தது இங்கிலாந்தின் பெட்போர்டு, பக்கிங்காம், நார்தாம்ப்டன் ஜில்லாக்களிலேயே ஆகும்.

அங்கே பாபின்களை மரத்தாலும் எலும்பாலும் கடைந்தனர். அடிநுனியில் கம்பியில் கோத்த கண்ணாடி மணி வளையம் ஒன்று தொங்கும். அது வெறும் அலங்காரமன்று. எடை கூடுவதால் நூல் விறைப்பாக நிற்கும். மணிகள் சதுரமாக அமுக்கப்பட்டவை ஆதலால் பாபின் திண்டில் உருளாது. டெவன் ஜில்லாவின் ஹானிட்டன் லேஸுக்கோ மணி உதவாது. அவ்வேலையில் நூற்கண்ணிக்குள் பாபினையே நுழைத்தெடுக்க வேண்டும். ஆகவே அதனை வழவழப்பாகவும் கூர்நுனியுடனும் செய்தனர்.

வெள்ளீயக் கலவையைப் பட்டையாகப் பதித்தால் 'புலி', புள்ளியாகப் பதித்தால் 'சிறுத்தை' என்று பெயர். தண்டைக் குடைந்து உள்ளே குட்டிப் பாபின் வைத்தது 'தாயும் சேயும்'. இவற்றினும் என் கருத்தைக் கவர்வது எழுத்தே. எலும்பில் நுண்ணிய புள்ளிகளாகத் துளைத்து, சிவப்பும் நீலமும் ஏற்றி, தண்டைச் சுற்றிச் சுருளாக எழுதினர். பின்னுபவளின் பெயர், காதலன் பெயர், மாண்டவர் நினைவு, வேத வாசகம் எல்லாம் அதில் உண்டு. 1860இல் பெட்போர்டில் தூக்கிலிடப்பட்ட ஜோசப் காசில் என்ற கொலைஞனின் பெயரும் உண்டு!

பெயரைப் பாபினில் எழுதுவானேன்? நூல் வியாபாரியிடமிருந்து வந்தது. மாதிரியும் பெரும்பாலும் அவனுடையதே. முடிந்த லேஸை அவனே வாங்கி, நூலின் விலையைக் கழித்துக்கொண்டான். சிலவிடங்களில் மிச்சத்தையும் காசாகத் தராமல் கடைச் சரக்காகத் தந்தான். மாஸ்டர் வீவரிடம் முன்பணம் வாங்கி நெய்தவர்க்கு இக்கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை. பின்னுபவளுக்கு உரியவை திண்டும் பாபினும் போன்ற சில கருவிகளே.

1809இல் ஜான் ஹீத்கோட் வலைத்துணி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வந்த இயந்திரங்கள் கைவேலையின் கூலியைப் படிப்படியாகக் குறைத்தன. 1840இல் மணம்புரிந்த விக்டோரியா அரசியின் மணவுடைக்கான லேஸ் டெவனின் பீர் கிராமத்தில் பின்னப்பட்டது. அந்த லேஸில் பின்னியவர் எவர் பெயரும் இல்லை. இன்று பழம்பொருள் சேகரிப்போர் பெயர் பொறித்த எலும்புப் பாபினையே தேடி வாங்குகின்றனர்.